ஒரு சுண்டு அரிசியும் ஒரு சுண்ணாம்புக் கல்லும்: தரம் 9 இல் அடர்த்தி கற்பித்த நிகழ்வு ஆய்வு

தவணைப் பரீட்சைத் தாளில் அடர்த்தி பற்றி மூன்று கேள்விகள் போட்டிருந்தேன். முதலாவது: 54 கிராம் திணிவும் 20 கன சென்ரிமீற்றர் கனவளவும் உள்ள கல்லின் அடர்த்தி என்ன? ஒன்றிரண்டு பேரைத் தவிர எல்லாரும் 2.7 என்று எழுதியிருந்தார்கள். அலகும் சரி. இரண்டாவது: அதே கல்லைச் சரிபாதியாக உடைத்தால் ஒரு பாதியின் அடர்த்தி என்ன? வகுப்பில் பாதிக்கு மேல் 1.35. மூன்றாவது: நல்லெண்ணெய், தண்ணீர் இரண்டில் அடர்த்தி கூடியது எது, ஏன்? "நல்லெண்ணெய். அது தண்ணீரை விடத் தடிப்பு." ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத முடியாத தூரத்து வாங்குகளிலிருந்தும் இதே வசனம்தான் வந்தது.

முதலில் பிள்ளைகளில்தான் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். எண்ணெய் தண்ணீரில் மிதப்பதைக் காணாத பிள்ளை இங்கே யார்? கறிச்சட்டி ஊறவைத்தால் மேலே எண்ணெய். மழைக்கு ஒழுங்கையில் தேங்கிய தண்ணீரில் மோட்டார் சைக்கிள் எண்ணெய் வானவில் மாதிரிப் படர்ந்து கிடக்கும். இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கும் அப்பியாசக் கொப்பியில் இருந்த சூத்திரத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் போனதுதான் பிரச்சினை. 54 ஐ 20 ஆல் வகுக்கிறது கணித வேலை. அதற்கு நான் முழுப் புள்ளி போட்டு, அடர்த்தி விளங்கிவிட்டது என்று நானே என்னை ஏமாற்றியிருக்கிறேன்.

அடர்த்தி என்ற அந்தப் பாட அலகைத் திரும்பப் படிப்பித்த ஆறு பாடவேளைகளின் பதிவு இது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பாடசாலை ஒன்று, 34 பிள்ளைகள், ஏழு குழுக்கள். ஆய்வுகூடத்தில் 100 மில்லிலீற்றர் அளவுச்சாடிகள் இரண்டு, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை இலத்திரனியல் தராசு ஒன்று. முக்கோல் தராசு ஒன்றும் உண்டு. அதன் ஓட்டி ஒன்று எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது.

சொல்லுக்குள்ளேயே இருந்த வில்லங்கம்

முதற் பாடவேளையில் ஒன்றும் படிப்பிக்கவில்லை, கேட்டேன். "கனவளவு எண்டா என்ன?"

முன்வாங்குப் பிள்ளை உடனே எழும்பினாள். "எவ்வளவு கனம் எண்டு அளக்கிறது, சேர்."

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நியாயம்தானே. வீட்டில் கனம் என்றால் பாரம். "பை சரியான கனம், ஒரு கை பிடி" என்கிறோம். கனபேர், கனநாள் என்றால் அது வேறு கணக்கு. இப்படியிருக்க, பாடப்புத்தகம் "கனவளவு" என்றால் பிள்ளை பாரத்தைத்தான் நினைக்கும். அப்படி நினைத்த பிள்ளைக்கு அடர்த்தி என்பது பாரத்தைப் பாரத்தால் வகுப்பது. இதில் விளங்க என்ன இருக்கிறது?

அடுத்த சிக்கல் திணிவும் நிறையும். எங்கள் பாடப்புத்தகத்தில் கிலோகிராமில் அளப்பது திணிவு, நியூட்டனில் அளப்பது நிறை. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் கிலோகிராமில் வருவதே நிறை, நியூட்டனில் வருவது எடை. இரவில் கைபேசியில் இந்தியத் தமிழ்க் காணொளி பார்த்துப் படிக்கும் பிள்ளை காலையில் வந்து நிறையைக் கிராமில் எழுதுகிறது. பிள்ளையிலும் பிழையில்லை, காணொளியிலும் பிழையில்லை. இரண்டு கரையிலும் கலைச்சொல் ஆக்கியவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, "அடர்த்தி" என்ற சொல்லே. அடர்த்தியான காடு, அடர்த்தியான தலைமயிர். நெருக்கமும் தடிப்பும்தான் மனதில் வருகிறது. அந்தக் கணக்கில் எண்ணெய் தண்ணீரை விட "அடர்த்தி" என்று எழுதிய பிள்ளை தமிழ் தெரிந்த பிள்ளை. எண்ணெய் மெதுவாக வழிவது அதன் பாகுநிலையால். அதற்கும் அடர்த்திக்கும் நேரடித் தொடர்பில்லை என்று நாங்கள் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஆகவே முதல் மூன்று பாடவேளைக்கு இந்தச் சொற்களைத் தள்ளிவைத்தேன். "எவ்வளவு பாரம்?", "எவ்வளவு இடம் பிடிக்குது?" இந்த இரண்டு கேள்வி மட்டும். எங்களுடைய பாடத்துறை மிஸ் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "பரீட்சையிலை இடம் எண்டு எழுதினால் ஆர் புள்ளி போடுறது?" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. பிறகு இரண்டு பிள்ளைகள் அப்படியே எழுதிப் புள்ளி இழந்தார்கள்.

ரின்பால் பேணி

மெற்றிக் அளவுகளை நாங்கள் பொதுவாகப் படிப்பிப்பது ஒரு படிக்கட்டுப் படம் கீறி. கிலோவிலிருந்து மில்லி வரை ஏறினால் வகு, இறங்கினால் பெருக்கு. பிள்ளைகள் தசமப் புள்ளியை நகர்த்தப் பழகிவிடுகிறார்கள். ஆனால் ஒரு மில்லிலீற்றர் என்றால் எவ்வளவு என்று கையால் காட்டச் சொன்னால் ஒருவர் நகத்தைக் காட்டுகிறார், மற்றவர் உள்ளங்கையை. அதே பிள்ளைகளிடம் ஒரு சுண்டு அரிசி, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு பவுண் என்று சொல்லிப் பாருங்கள், கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். வீட்டு அளவைகளைப் பழசு என்று ஒதுக்கிவிட்டு வெறும் அட்டவணையைப் பிடித்திருக்கிறோம்.

இரண்டாம் பாடவேளைக்கு வெறும் ரின்பால் பேணிகள் ஏழு கொண்டுவரச் சொன்னேன். இங்கே பல வீடுகளில் அரிசி அளக்கும் சுண்டு அதுதான். மேல் மூடி முழுதாக வெட்டி, விளிம்பு கையை வெட்டாதபடி தட்டிய பேணி. ஒரு பிள்ளை அம்மம்மா பாவிக்கும் பேணியையே கொண்டுவந்திருந்தாள். விளிம்பு தேய்ந்து மினுங்கியது.

ஒவ்வொரு குழுவுக்கும் ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று. பேணியை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்ப வேண்டும், எண்ண வேண்டும். முப்பது தரம் இழுத்துத் தள்ள அலுப்படிக்கும். அந்த அலுப்பு வேண்டும் என்றுதான் அளவுச்சாடியைக் கொடுக்கவில்லை. முப்பது சிரிஞ்சும் இன்னொன்றில் முக்கால்வாசியும் என்று கையால் தள்ளிய பிள்ளை 308 மில்லிலீற்றர் என்ற எண்ணை மறக்காது. ஒரு குழுவுக்கு 298 வந்தது. எண்ணும்போது ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார்கள். வித்தியாசம் சரியாகப் பத்து என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

பிறகு தராசு. வெறும் பேணியை வைத்துப் பூச்சியமாக்கி, தண்ணீரோடு வைத்தால் 308 கிராம் சொச்சம். "என்ன சேர், ரெண்டும் ஒரே எண்!" இந்த ஆச்சரியத்தைப் பலர் "தண்ணீரின் அடர்த்தி 1" என்று மனனம் செய்ய வைத்துக் கொன்றுவிடுகிறோம். அது தற்செயல் இல்லை. 1795 இல் பிரான்சில் கிராமை வரையறுத்தபோதே, ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனசதுரம் அளவு தூய தண்ணீர், பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில், எவ்வளவோ அதுதான் ஒரு கிராம் என்று வைத்தார்கள். மீற்றரைத் தண்ணீர் வழியாகக் கிராமோடு கட்டிவிட்டார்கள். 2019 இலிருந்து கிலோகிராமின் வரையறை பிளாங்க் மாறிலி என்ற இயற்கை மாறிலியில் நிற்கிறது. ஆனாலும் அந்தப் பழைய முடிச்சு இன்னும் அவிழவில்லை. இதைக் கேட்டதும் பின்வாங்குப் பெடியன் ஒருவன் "அப்ப தண்ணிக்கு வேணுமெண்டே ஒண்டு வர வைச்சிருக்கினம்" என்றான். அப்படித்தான்.

அதற்குப் பிறகு அதே பேணியில் அரிசி: 252 கிராம். உப்புத்தூள்: 370. பொரி: முப்பதைக் கூடத் தொடவில்லை. பேணியின் ஓரத்து எழுத்தை வாசித்த ஒருவர், ரின்பால் 390 கிராம் என்று போட்டிருக்கிறது என்றார். 308 மில்லிலீற்றர் தண்ணீர்தான் கொள்ளும் பேணிக்குள் 390 கிராம் எப்படி வந்தது? பேணிக்குள் மேலே கொஞ்சம் வெற்றிடம் இருந்திருந்தாலும் ஒரு மில்லிலீற்றருக்கு 1.27 கிராமுக்குக் குறையாது. இடம் ஒன்று, பாரம் பல. அடர்த்தி என்ற சொல்லை நான் இன்னும் உச்சரிக்கவில்லை. கரும்பலகையில் ஒரு நிரல் தானாக உருவாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இந்த ஆறு பாடவேளையிலும் எனக்குப் பிடித்த கேள்வி வந்தது. கேட்டவள், வழமையில் வாய் திறக்காத பிள்ளை.

"சேர், பேணித் தண்ணி 308. பேணி அரிசி 252. அரிசி பாரம் குறைவு. பேந்து ஏன் அரிசி கழுவேக்கை தாழுது?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் நானும் கொஞ்ச நேரம் நின்றுதான் பதில் யோசித்தேன். இந்தக் கேள்வியை நான் ஆயத்தம் செய்யவில்லை. "மிதக்க வேண்டிய" அரிசி எல்லார் வீட்டுச் சட்டியிலும் அடியில் கிடக்கிறது.

பதில் சொல்லாமல் அரிசி நிரம்பிய பேணிக்குள் சிரிஞ்சால் தண்ணீர் விடச் சொன்னேன். நிரம்பிய பேணிக்குள் தண்ணீரா என்று சிரித்தார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து சிரிஞ்ச். பதின்மூன்றாவதில்தான் விளிம்பில் தண்ணீர் தெரிந்தது. ஏறத்தாழ 130 மில்லிலீற்றர். பேணியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காற்று. அரிசிமணிகள் தாங்களாகப் பிடித்த இடம் 178 மில்லிலீற்றர்தான். 252 ஐ 178 ஆல் வகுத்தால் 1.4 சொச்சம். தாழாமல் என்ன செய்யும்?

அரிசி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும் என்பதால் இதைக் கெதியாகச் செய்ய வேண்டும். ஊறவிட்டால் கணக்கு பிசகிவிடும். இரண்டு குழுக்களுக்கு அப்படிப் பிசகியது. அது பெரிய விடயமில்லை. "இடம்" என்றால் எந்த இடம் என்று அந்த நிமிடத்தில்தான் கேட்கத் தொடங்கினார்கள். பேணியின் இடமா, மணியின் இடமா? நான் கீறிய எந்தப் படத்தாலும் இதைக் கேட்க வைத்திருக்க முடியாது.

இறங்கிக்கொண்டே போன தண்ணீர்

மூன்றாம் பாடவேளை கல். வளவில் கிடந்த சுண்ணாம்புக் கற்களில், அளவுச்சாடிக்குள் போகாதவற்றுக்கு யுறேக்கா பாத்திரம், அதாவது கல் தள்ளும் தண்ணீர் பக்கக் குழாயால் வழியும் பாத்திரம், வேண்டும். அதற்குப் பிளாஸ்ரிக் போத்தலைத் தோளோடு வெட்டி, பக்கத்தில் சூடான ஆணியால் ஓட்டை போட்டு, குடிபானக் குழாயைச் செருகி, மெழுகால் அடைத்தோம். ஒழுகியது. திரும்ப அடைத்தோம். நீர்மட்டத்தைக் கண்மட்டத்தில் வைத்து, வளைந்து நிற்கும் நீர்ப்பரப்பின் (பிறையுரு) அடியை வாசிக்க வேண்டும் என்பது எல்லா ஆசிரியரும் சொல்வது. நான் அதற்குமேல் சேர்த்தது ஒன்றுதான்: சாடியைக் கையால் தூக்கிப் பிடித்து வாசிக்கக் கூடாது, மேசையில் வைத்துவிட்டு நீ குனி.

146 கிராம் கல் ஒன்றை எல்லாக் குழுக்களும் மாறிமாறி அளக்க வைத்தேன். முன் குழு போட்ட தண்ணீரைத் துடைத்து, இரண்டு பாடவேளை வெயிலில் காயவைத்துத்தான் அடுத்த குழுவுக்குக் கொடுத்தோம். இதனால் நாள் இழுபட்டது. இந்தக் கல் ஒரு பெரிய சாடிக்குள் போகும் அளவு. மேலே ஓடும் தண்ணீரைப் பிடிக்கத் தேவையில்லை, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் போதும்.

முதற் குழு போட்ட உடனே வாசித்தது: 64 மில்லிலீற்றர். அடர்த்தி 2.28. அடுத்த குழுவில் எழுதும் பொறுப்பில் இருந்தவர் பேனை தேடிப் போய்விட்டு வந்து வாசித்தார்: 61. அடுத்தது தண்ணீர்க் குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து 59 என்றது; 2.47. வழமையில் இந்த இடத்தில் ஆசிரியர் "கவனமில்லாமல் அளந்திருக்கிறியள்" என்று சொல்லி ஒரு சராசரி எடுத்துவிடுவார். நானும் அதைத்தான் செய்ய இருந்தேன். கடைசிக் குழுவில் ஒருவன் தடுத்தான்.

"சேர், தண்ணி இறங்குது. நான் அசைக்கேல்லை."

குனிந்து பார்த்தேன். மட்டம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கல்லின் மேலிருந்து நூல் மாதிரிக் குமிழிகள். கல்லுக்குள்ளிருந்த காற்று வெளியே வர, அந்த இடத்துக்குத் தண்ணீர் போகிறது. அரிசிப் பேணியேதான், கல்லின் உருவில். ஏழு குழுவும் சரியாகத்தான் அளந்திருக்கின்றன, ஆனால் வேறு வேறு நேரத்தில். சுண்ணாம்புக் கல்லின் கனிமமான கல்சைற்றின் அடர்த்தி 2.71. எங்கள் கல் அதைவிடக் குறைவாகக் காட்டியதற்குக் காரணம் அதன் துளைகள்.

பரீட்சைத் தாளில் கல்லுக்கு 54 கிராம், 20 கன சென்ரிமீற்றர் என்று நான் கொடுத்தது இந்த ஊர்க் கல் இல்லை. துளை இல்லாத கல்.

உடைத்த கல் கேள்விக்கும் அங்கேயே வழி கிடைத்தது. இன்னொரு கல்லைச் சுத்தியலால் உடைத்து இரண்டு துண்டையும் தனித்தனியாக அளந்தார்கள். பாரமும் குறைந்தது, இடமும் குறைந்தது, வகுத்தால் ஏறத்தாழ அதே எண். 1.35 எழுதியவர்களில் ஒருத்தி "ரெண்டையும் குறைக்க மறந்திட்டன்" என்றாள். நான் சொல்லித் தர வேண்டியிருந்ததெல்லாம் அந்த வசனம்தான். இந்தப் பாடவேளையின் முடிவில்தான் கனவளவு, திணிவு, அடர்த்தி என்று கரும்பலகையில் பெயர் எழுதினேன்.

ஒரு கன மீற்றர்

அலகு மாற்றத்துக்கு வந்தோம். கன சென்ரிமீற்றருக்கு ஒரு கிராம் என்றால் கன மீற்றருக்கு 1000 கிலோகிராம். இதைச் சூத்திரமாகச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், நம்பமாட்டார்கள். ஒரு மீற்றர் நீளக் கம்புகள் பன்னிரண்டைக் கயிற்றால் கட்டி முற்றத்தில் ஒரு கன மீற்றர் கூடு நிறுத்தினோம். ஆறு பேர் நெருக்கிக்கொண்டு உள்ளே நின்றார்கள். இந்தக் கூடு நிறையத் தண்ணீர் விட்டால் எத்தனை கிலோ? 50, 100, துணிந்த ஒருவர் 300. ஒரு தொன் என்றபோது வாயைப் பிளந்தார்கள். பிறகு பாடசாலைக் கூரைக்குப் பக்கத்தில் நாலு தூணில் நிற்கும் கறுத்தத் தண்ணீர்த் தாங்கியைக் காட்டினேன். 1000 லீற்றர். அதே ஒரு தொன். "சேர், எங்கட வீட்டிலை ரெண்டு தாங்கி மேல இருக்கு" என்று ஒருவன் பயந்துபோய்ச் சொன்னான். தூண் கட்டினவருக்கு இந்தக் கணக்குத் தெரியும் என்று ஆறுதல் சொன்னேன்.

அலகில்லாத எண் என்ன செய்யும் என்பதற்குக் கனடாக் கதை ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் கனடாவில் சொந்தம் இல்லாத பிள்ளைகள் சிலர்தான், அதனால் காது கொடுப்பார்கள். 1983 யூலை 23, எயார் கனடாவின் புத்தம்புதிய போயிங் 767 மொன்றியலிலிருந்து எட்மன்ரனுக்குப் புறப்பட ஆயத்தமாகிறது. கனடா அப்போதுதான் மெற்றிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. இந்த வகை விமானம் எரிபொருளைக் கிலோகிராமில் கணக்குப் பார்ப்பது. தேவை 22,300 கிலோகிராம். அளவி பழுது என்பதால் தாங்கியில் கோல் விட்டு அளந்தார்கள்: 7,682 லீற்றர். இதைக் கிலோகிராமாக்க 1.77 ஆல் பெருக்கினார்கள். அது ஒரு லீற்றருக்கு எத்தனை இறாத்தல் என்ற எண். கிலோகிராமுக்கு 0.8 சொச்சம்தான் வேண்டும். 

மீதியைப் பிள்ளைகளையே செய்யச் சொன்னேன். பிழையான கணக்கில் இன்னும் ஏறத்தாழ 4,900 லீற்றர் விட்டால் போதும். சரியான கணக்கில் 20,000 லீற்றருக்கு மேல் வேண்டும். விமானம் தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு எழும்பி, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, மிதந்து வந்து கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. 69 பேரும் உயிர் தப்பினார்கள்.

"1.77 என்ன எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையா?" என்றாள் ஒருத்தி. கேட்கவில்லை. அதற்குப் பிறகு சில நாட்களுக்கு யாராவது அலகில்லாமல் விடை சொன்னால் வகுப்பே "கிம்லி!" என்று கத்தும்.

தடிப்பும் அடர்த்தியும்

எண்ணெய்க்கு நிறைய நேரம் தேவைப்படவில்லை. பேணி வேலை பாதியை முடித்துவிட்டிருந்தது. ஒரே போத்தலில் 750 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு நிறுத்தோம், பிறகு கழுவித் துடைத்து நல்லெண்ணெய். தண்ணீர் 750 கிராம், எண்ணெய் 690. தடிப்பாக வழிந்த எண்ணெய் பாரத்தில் குறைந்தது. சவர்க்கார நுரையைப் பற்றி ஒருவர் கேட்டார், தேனைப் பற்றி இன்னொருவர். தேன் தடிப்பும்தான், அடர்த்தியும்தான், ஏறத்தாழ 1.4. ஆகவே தடிப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது அவர்கள் வாயாலேயே வந்தது.

கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன் தேங்காயெண்ணெயைக் கிலோவிலும் விற்கிறார்கள், போத்தலிலும் விற்கிறார்கள் என்றான். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் ஒரு லீற்றருக்குக் கூடவா குறையவா? 1 ஐ 0.92 ஆல் வகுத்தால் 1.09 லீற்றர் வரும். லீற்றர் விலையையும் கிலோ விலையையும் ஒன்றென்று நினைத்து வாங்குபவர் எந்தப் பக்கம் ஏமாறுகிறார் என்று பத்து நிமிடம் சண்டை பிடித்தார்கள். மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய்க் கட்டி உருகிய எண்ணெயில் தாழும், பனிக்கட்டியோ தண்ணீரில் மிதக்கும் என்பதைச் சும்மா சொல்லிவிட்டுப் போனேன். அதற்கு நேரமில்லை.

கடைசிப் பாடவேளை: நிலத்துக்கடியில்

முட்டையை உப்புத் தண்ணீரில் மிதக்க வைப்பது எல்லாரும் செய்வது. நாங்களும் செய்தோம். ஆனையிறவு உப்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம்: கடல்நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 1.025 கிலோகிராம், வெயிலில் வற்றி 1.21 அளவுக்கு வந்தால்தான் கறியுப்பு படியத் தொடங்கும்; உப்பு விளைவிப்பவர் அதை நீரமானியை மிதக்கவிட்டு அறிகிறார்.

ஆனால் நான் போக விரும்பிய இடம் கிணறு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை மண்ணுக்குள் இறங்கி, நாங்கள் மூன்றாம் பாடவேளையில் குமிழி விடக் கண்ட அதே துளைக் கல்லுக்குள் தங்குகிறது. அந்த நன்னீர், கீழே கடலிலிருந்து புகுந்த உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழம் போகப் போக உவரும் இருப்பது இதனால்தான். கணக்கு இலேசு: நன்னீரின் அடர்த்தி 1.000 ஐ, கடல்நீருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 0.025 ஆல் வகுத்தால் 40. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம். இதைக் கிபென்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பு என்பார்கள். திருப்பிப் பார்த்தால் பயமாயிருக்கும்: பம்பி போட்டு மேலே ஒரு மீற்றரை இறைத்துவிட்டால் காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 மீற்றர் ஏறலாம்.

உயரமான போத்தலில் பாதி உப்புத் தண்ணீர், அதன்மேல் கரண்டியின் முதுகில் மெல்ல ஊற்றிய நிறத் தண்ணீர். இரண்டு அடுக்கும் கலக்காமல் நின்றன. மேலடுக்கில் குழாய் வைத்து ஒருவன் உறிஞ்ச, எல்லை மேலேறுவதையும் குழாய்க்குக் கிட்ட வந்ததும் கலங்குவதையும் பார்த்தார்கள். 40 என்ற கணக்கு தரம் 9 க்கு அதிகம் என்பது எனக்குத் தெரியும். பாதிப் பேர் அதில் கைவிட்டுவிட்டார்கள். திரும்பச் செய்தால் போத்தலை வைத்துக்கொண்டு கணக்கை விட்டுவிடுவேன்.

சரிவராதவை

ஆறு கிழமை கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் பழைய மூன்று கேள்விகளையும் வேறு பொருட்களோடு கொடுத்தேன். உடைத்த பொருள் கேள்வியில் பிழைவிட்டவர்கள் சிலர்தான். "தடிப்பு" என்ற காரணம் ஓரிரு தாளில் மட்டும். கிராமிலிருந்து கிலோகிராமுக்கும் கன சென்ரிமீற்றரிலிருந்து கன மீற்றருக்கும் ஒரே நேரத்தில் மாற்றுவதில் மட்டும் முன்னேற்றம் சொல்லும்படி இல்லை. கூட்டுக்குள் நின்றது நினைவிருக்கிறது, பூச்சியங்கள் நினைவில்லை. நேரமும் ஒரு விலை. இந்த ஆறு பாடவேளைக்காக அடுத்த அலகை ஓடி ஓடி முடித்தேன், அது அந்த அலகின் புள்ளிகளில் தெரிந்தது.

தண்ணீர் இறங்குவதைக் கண்ட பெடியன் ஒரு திங்கட்கிழமை இரண்டு போத்தல்களோடு வந்தான். ஒன்று வீட்டுக் கிணறு, மற்றது தகப்பனின் தோட்டத்துக் கிணறு. தோட்டத் தண்ணீர் இந்தக் கோடையில் உவர்க்கிறது என்று வீட்டில் கதையாம். ஒரே போத்தலால் 500 மில்லிலீற்றர் கோடு வரை ஊற்றி நிறுத்தான். வீட்டுத் தண்ணீர் 500 கிராம். தோட்டத்துத் தண்ணீர் 503.

"சேர், இந்த மூண்டு கிராமும் உப்போ, இல்லாட்டி நான் கூட ஊத்தினனோ?"

வீட்டுத் தண்ணீரையே ஐந்து தரம் ஊற்றி நிறுக்கச் சொன்னேன். 498, 501, 500, 502, 499. நான்கு கிராம் வீச்சு. கொஞ்ச நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போத்தலின் கழுத்து ஒடுங்கும் இடத்தைக் காட்டி, கோட்டை அங்கே போட்டால் ஊற்றும் பிழை குறையும்தானே என்று கேட்டான். பேனை எடுத்துக் கோடு கீறினோம்.